தில்லி வெங்காயத்துக்கு ஆடிப்பட்டம் ஆகாது

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை உங்கள் தில்லிப் பதிப்பில் வந்த வீட்டுத்தோட்டக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முளைத்துப்போன பெரிய வெங்காயத்தைத் தூக்கிப் போடாமல் மண்ணில் ஊன்றி வைத்தால் மூன்றே மாதத்தில் வெங்காயம் எடுக்கலாம் என்று அதில் ஒரு யோசனை இருக்கிறது. கீழே, ஆடிப்பட்டத்தில் விதைக்க வேண்டியவை என்ற பட்டியலில் அவரை, புடலை, வெண்டையோடு பெரிய வெங்காயமும் இருக்கிறது. இந்த இரண்டையும் நம்பித் தில்லியில் யாரும் மண்வெட்டியைத் தொட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்தக் கடிதம். இரண்டையும் நானே செய்து பார்த்து மூன்று வருஷத்தைப் பறிகொடுத்தவள். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் அப்பா பெரம்பலூர்ப் பக்கம் சின்ன வெங்காயம் போட்டவர். வெங்காயம் சேமித்து வைக்கும் பட்டறையைப் பிரித்து விதைக்காயை எடுத்து, அழுகலைப் பொறுக்கிப் போட்டுவிட்டு, மேடாக இழுத்த பாரின் இரண்டு பக்கமும் அரைச் சாண் இடைவெளியில் ஊன்றிக்கொண்டே போவோம். 65, 70 நாளில் ஒரு காய் ஐந்தாறாகப் பிரிந்து கொத்தாக வந்துவிடும். வெங்காயம் என்றால் ஊன்றுவதுதான். விதைப்பது என்ற பேச்சே எங்கள் வீட்டில் கிடையாது. 1991-ல் கல்யாணமாகித் தில்லிக்கு வந்தேன். ராமகிருஷ்ணபுரம் அரசுக் குடியிருப்பில் இருந்தவரை மண் என்று பார்த்தது தொட்டியில்தான். என் வீட்டுக்காரர் ஓய்வு பெற்றபின் 2014-ல் மயூர் விஹாரில் தரைத்தள வீடு கிடைத்தது. பின்பக்கம் 14 அடி நீளம், 5 அடி அகலத்தில் ஒரு துண்டு நிலம். யமுனை வண்டல், கையில் எடுத்தால் மாவு மாதிரி இருக்கும். அதைப் பார்த்ததும் எனக்கு அப்பாவின் வயல்தான் ஞாபகம் வந்தது.

2015 தை மாதம், கூடையில் முளைவிட்டுக் கிடந்த பன்னிரண்டு பெரிய வெங்காயத்தை ஊன்றினேன். பத்து நாளில் தாள் தளதளவென்று வந்தது. ஒவ்வொன்றும் மூன்று நான்காகக் கிளைத்தபோது, ஊரில் பார்த்த மாதிரியே இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன். பங்குனியில் நடுவிலிருந்து ஒரு தண்டு கிளம்பியது. உள்ளே காற்றடைத்த குழாய் மாதிரி, அடியில் உப்பி, மேலே மெல்லிய தோலுக்குள் ஒரு மொட்டு. தோல் கிழிந்ததும் பந்து போல வெள்ளைப் பூ. தேனீ மொய்த்தது. பிடுங்கிப் பார்த்தால் அடியில் காயே இல்லை. பழைய வெங்காயம் சருகாகிக் கிடந்தது, புதியது விரல் தடிமனுக்கு மேல் போகவில்லை, நடுவில் கட்டை.

காரணத்தை ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். பெரிய வெங்காயம் ஈராண்டுப் பயிர். முதல் பருவத்தில் விதையிலிருந்து காய் பிடிக்கும். அந்தக் காயை மறுபடி மண்ணில் வைத்தால் அது பூத்து விதை கொடுக்கத்தான் போகும். விதை உற்பத்தி செய்பவர்கள் காயை நடுவது இதற்காகத்தான். சின்ன வெங்காயத்துக்குக் காயே பெருகும் குணம் இருப்பதால் நம் ஊரில் நடுகிறோம். ஒன்றின் பழக்கத்தை இன்னொன்றுக்குப் போட்டால் வெங்காயத்தாள்தான் கிடைக்கும். தாள் வேண்டுமென்றால் தாராளமாக ஊன்றலாம், பொரியலுக்கும் ஆகும். கட்டுரையில் அப்படிச் சொல்லியிருந்தால் எனக்கு வருத்தமே இல்லை.

சரி, விதைதான் வழி என்று தெரிந்ததும் அதே வருஷம் ஆடியில் விதைத்தேன். ஆடிப்பட்டம் தேடி விதை என்று பாட்டி காலத்திலிருந்து கேட்டு வளர்ந்த காது. எட்டாம் நாள் முளைத்தது, பதினைந்தாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. நாற்றுகள் மண்ணை ஒட்டிக் கழுத்தில் கசிந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து, நாலு நாளில் பாத்தி வெறிச்சென்று ஆகிவிட்டது. நாற்றழுகல் நோய். வட இந்தியாவில் மழைக்கால வெங்காயம் இல்லவே இல்லை என்று சொல்லவில்லை. அதற்கென்றே என்-53, அக்ரிஃபவுண்ட் டார்க் ரெட் என்று ரகங்கள் இருக்கின்றன. மேட்டுப்பாத்தி போட்டு, மழையிலும் வெயிலிலும் நாற்றைக் காப்பாற்றி, ஆகஸ்டில் நடுகிறார்கள். பழகிய விவசாயிக்கே அது சிரமம். முதன்முதலாக விதையைத் தொடுகிறவருக்குச் சொல்கிற யோசனை அல்ல அது.

விதை என்றதும் இன்னொன்று சொல்லிவிடுகிறேன். முனிர்க்காவில் இருக்கும் என் சிநேகிதி மளிகைக் கடையில் வாங்கிய பொட்டலத்தை விதைத்தாள். அதன்மேல் ஆங்கிலத்தில் வெங்காய விதை என்றே அச்சிட்டிருந்தது. வந்ததோ வெந்தயக்கீரைக்கும் பெருஞ்சீரகத்துக்கும் நடுவே ஏதோ ஒரு செடி. அது கருஞ்சீரகம், இங்கே கலோஞ்சி என்பார்கள். அதற்கும் வெங்காயத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கறுப்பாகக் கோணல்மாணலாக இருப்பதால் வந்த குழப்பம். மளிகைக் கடையில் வாங்கியதை விதைக்காதீர்கள்.

2016-ல் மழைக்குப் பயந்து ஆவணிக் கடைசியில் விதைத்தேன். இந்த முறை நாற்று நின்றது. நவம்பரில் நட்டு, டிசம்பர் முடிவதற்குள் பென்சிலை விடத் தடிமனாகிவிட்டது. பக்கத்து வீட்டுத் தோட்டக்காரர்கூட வந்து பார்த்துவிட்டுப் போனார். ஜனவரியில் பனிமூட்டம், காலையில் ஐந்து டிகிரி, ஆறு டிகிரி. பிப்ரவரியில் பாதிச் செடிக்கு மேல் அதே பந்துப்பூ. இரண்டாவது தடவையாக அந்தப் பூவைப் பார்த்தபோது உண்மையிலேயே கண் கலங்கிவிட்டது.

அந்த மார்ச்சில், பூத்த செடி ஒன்றை வேரோடு ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு பூசா வேளாண் கண்காட்சிக்குப் போனேன். இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் வருஷாவருஷம் பிப்ரவரி, மார்ச் வாக்கில் நடத்துவது. (பூசா என்பது பீகாரில் ஓர் ஊர். 1934 நிலநடுக்கத்தில் அங்கிருந்த கட்டடம் இடிந்து, 1936-ல் நிறுவனம் தில்லிக்கு வந்தபோது பேரும் கூடவே வந்துவிட்டது.) விதை விற்கிற கூடாரத்தில் ஒரு பையன் பக்கத்தில் இருந்தவரோடு தமிழில் பேசிக்கொண்டிருந்தான். ஆராய்ச்சி மாணவனாம், சொந்த ஊர் ஒட்டன்சத்திரம் பக்கம். "தம்பி, இதைக் கொஞ்சம் பாருப்பா" என்று துணியைப் பிரித்துக் காட்டினேன். பார்த்த மாத்திரத்தில், "எப்பம்மா விதைச்சீங்க?" என்றான். சொன்னேன். "ரெண்டு மாசம் முந்திட்டீங்கம்மா. விதையில தப்பில்ல, தேதிலதான் தப்பு" என்றான்.

அன்று அந்தத் தம்பி அரைமணி நேரம் நின்று சொன்னதைத்தான் நான் உங்கள் வாசகர்களுக்குச் சொல்ல ஆசைப்படுகிறேன். வெங்காயம் இரண்டு விஷயத்தைக் கவனிக்கிறது. ஒன்று குளிர். நாற்று பென்சில் தடிமனைத் தாண்டியபின் சில வாரம் கடுங்குளிர் பட்டால், ஒரு வருஷம் முடிந்துவிட்டது, பூக்க வேண்டியதுதான் என்று எடுத்துக்கொள்ளும். மெல்லிய நாற்றாக இருந்தால் அதே குளிர் ஒன்றும் செய்யாது. இரண்டாவது பகல் நீளம். பகல் இத்தனை மணி நேரம் என்று எட்டினால்தான் தாள் விடுவதை நிறுத்திக் காய் கட்டத் தொடங்கும். பெரம்பலூரில் வருஷத்தின் மிக நீண்ட பகலே 13 மணிக்குக் கொஞ்சம் குறைவு, மிகக் குறுகிய பகல் பதினொன்றரை மணிக்கு அருகில். பெரிய வித்தியாசம் இல்லை. தில்லியில் டிசம்பரில் 10 மணி 20 நிமிடம், ஜூனில் 14 மணி. இங்கே மார்ச் பாதிக்குமேல் பகல் 12 மணியைத் தாண்டும்போது நம் நாட்டு ரகங்கள் காய் பிடிக்க ஆரம்பிக்கும். அதற்குள் எத்தனை தாள் விட்டிருக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் வெங்காயத்தின் பருமன். ஒவ்வொரு தாளின் அடியும் வெங்காயத்தில் ஓர் அடுக்கு. வெங்காயத்தை முப்பது வருஷமாக நறுக்கியவள் நான். ஒவ்வொரு வளையமும் ஒரு தாள் என்பது அன்றுதான் தெரிந்தது.

பூசா ரெட் என்ற ரகத்தில் பத்து கிராம் விதை வாங்கினேன். ஒரு கிராமில் 250 விதைக்கு மேல் இருக்கும். வீட்டுக்கு ஒரு கிராமே போதும். வெங்காய விதை ஒரு வருஷத்துக்கு மேல் தாங்காது, தில்லி வெயிலில் அதைவிடச் சீக்கிரம் செத்துப்போகும். அதனால் காய்ந்த கண்ணாடிப் புட்டியில் இறுக மூடி ஃபிரிட்ஜ் கதவில் வைத்தேன். அக்டோபரில் இருபது விதையை ஈரத்துணியில் மடித்துச் சோதித்ததில் பதினாறு முளைத்தது. நவம்பர் 1, ஐப்பசி பாதி, விதைத்தேன்.

முளைப்பதை எல்லோரும் ஒரு தடவையாவது பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். முதலில் வருவது நுனி இல்லை. பச்சை நூலை மடித்துச் சொருகியது போல முழங்கால் மாதிரி ஒரு வளைவு மண்ணைக் கீறிக்கொண்டு வரும். நுனி இன்னும் உள்ளேதான் விதையைப் பிடித்துக்கொண்டிருக்கும். மூன்று நாலு நாள் கழித்து வளைவு நிமிரும். நிமிரும்போது தலையில் கறுப்பு விதைத்தோலைத் தொப்பியாகத் தூக்கிக்கொண்டு வரும். அப்போது தொடக் கூடாது, அதுவாக விழும். குளிர் தொடங்கிவிட்டதால் எனக்கு பதினோரு நாள் ஆனது. பூவாளியில் மெல்லத் தண்ணீர், காலையில் மட்டும்.

டிசம்பர் 25 அன்று நட்டேன். நாற்று அப்போது விளக்குமாற்று ஈர்க்கைவிடச் சற்றுத் தடிமன். எப்படி இதெல்லாம் பிழைக்கும் என்று தோன்றியது. ஆனால் அந்த மெலிவுதான் வேண்டும். தாளின் மேல்பாகம் மூன்றில் ஒரு பங்கைக் கிள்ளிவிட்டு, பக்கத்துக்குப் பக்கம் ஆறு அங்குலம் விட்டு, வேர் மூடும் அளவுக்கு மட்டும் ஊன்றினேன். ஆழமாக நட்டால் காய் பருக்க இடம் இருக்காது. ஜனவரி முழுக்க ஒரு வளர்ச்சியும் தெரியாது. அதைப் பார்த்து யூரியா போடப் போகாதீர்கள். நான் மக்கிய சாணியும், ஊறவைத்த கடுகுப் பிண்ணாக்குத் தண்ணீரும் பிப்ரவரிக் கடைசி வரை கொடுத்தேன். அதற்குப்பின் தழைச்சத்து போனால் கழுத்து தடித்து, காய் சீக்கிரம் அழுகும். களையைக் கையால்தான் எடுக்க வேண்டும், வேர் மேலாக ஓடுவதால் கொத்தினால் அறுந்துவிடும். மார்ச்சில் இலைப்பேன் வந்து தாளில் வெள்ளி வெள்ளியாகக் கீறல் விழுந்தது. வேப்பெண்ணெய்க் கரைசல் இரண்டு தடவை அடித்தேன், கட்டுக்குள் இருந்தது.

ஏப்ரல் இரண்டாம் வாரம் தண்ணீரை நிறுத்தினேன். பாதித் தாள் தானாகச் சாய்ந்ததும், சித்திரை பன்னிரண்டாம் தேதி பிடுங்கினேன். 150 நாற்றில் 131 தேறியது, மொத்தம் பதினான்கு கிலோ. இருப்பதில் பெரியது 210 கிராம். என் உள்ளங்கையை நிறைத்தது. அதை வெட்ட மனசு வராமல் ஒரு மாதம் வைத்திருந்தேன்.

அந்த வருஷமே இன்னொரு பாடமும் நடந்தது. லண்டனில் இருக்கும் என் தங்கை மகன் ஆகஸ்டில் வந்தபோது இரண்டு பாக்கெட் விதை கொண்டுவந்திருந்தான். ஒன்று அந்த ஊர்க் கண்காட்சிகளில் வைக்கிற ராட்சத வெங்காயம். 2023-ல் இங்கிலாந்தின் ஹாரோகேட்டில் ஏறக்குறைய ஒன்பது கிலோ எடையில் ஒரே வெங்காயத்தை வைத்தார்களே, அந்தச் சாதி. அங்கே கிறிஸ்துமஸ் சமயத்தில் வீட்டுக்குள் விளக்கு வெளிச்சத்தில் விதைத்து, கோடையில் பதினாறு மணிப் பகலில் பருக்க வைக்கிறார்கள். அதையும் பூசா ரெட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு வரிசை நட்டேன். ஒரே மண், ஒரே தண்ணீர். ஏப்ரலில் பூசா ரெட் படுத்துவிட்டது. லண்டன் வரிசை மட்டும் பச்சைப் பசேலென்று நின்றது, கழுத்து கட்டைவிரல் தடிமன், அடியில் காயே இல்லை. அது எதிர்பார்த்த பகல் தில்லிக்கு வரவே வராது. மே கடைசியில் லூ என்கிற அனல்காற்று அடித்து ஒரே வாரத்தில் கருகிவிட்டது. இணையத்தில் விற்கிற படம் போட்ட பாக்கெட்டுகளில் பாதிக்கு மேல் ரகத்தின் பேரே இருப்பதில்லை. ரகம், சோதித்த தேதி, முளைப்புத் திறன் இந்த மூன்றும் இல்லாத பாக்கெட்டை வாங்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்பேன்.

இரண்டாவது பாக்கெட் லீக்ஸ், தடித்த வெங்காயத்தாள் மாதிரித் தண்டுக்காக வளர்ப்பது. இதற்கு நான் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் மகள் வீட்டில் இருக்கிறார். ஒருநாள் ஐஎன்ஏ மார்க்கெட்டில் நான் இரண்டு தண்டு லீக்ஸ் வாங்குவதைப் பார்த்துவிட்டு, "இதுக்கு ஏன் தங்கச்சி இவ்வளவு காசு குடுக்கிறியள்? விதைச்சா வரும்தானே" என்றார். நுவரெலியாவிலிருந்து வருகிற லீக்ஸ் அவர்களுக்கு நம் முட்டைக்கோஸ் மாதிரி அன்றாடக் காய். லண்டன் விதையாயிற்றே, இதுவும் கருகும் என்று பயந்தேன். ஆனால் லீக்ஸுக்குக் காய் கட்டும் வேலையே கிடையாது. நாம் சாப்பிடுவது தண்டைத்தான், அதனால் பகல் நீளத்துக்காக அது காத்திருப்பதில்லை. தில்லிக் குளிர் அதற்கு அமிர்தம்.

செப்டம்பர் நடுவில் விதைத்து நவம்பரில் நட்டேன். நடும் முறை வேறு. பழைய மண்வெட்டிக் காம்பால் ஆறு அங்குலம் ஆழத்துக்குக் குழி குத்தி, ஒரு குழிக்கு ஒரு நாற்றைப் போட்டு, மண்ணைத் தள்ளாமல் தண்ணீரை மட்டும் ஊற்றிவிட வேண்டும். நாற்று கிணற்றில் நிற்கிற மாதிரி இருக்கும். போகப் போக மண் தானே சரிந்து மூடும், வெயில் படாத அந்தப் பாகம் வெள்ளையாகும். மேலே இன்னும் வெள்ளை வேண்டுமென்று பழைய செய்தித்தாளைச் சுற்றி மண் அணைத்தேன். பிப்ரவரிக் கடைசியில் ஏழு அங்குல வெள்ளைத் தண்டு. மார்ச் பாதிக்கு மேல் விடக் கூடாது, அதுவும் பூக்கக் கிளம்பி நடுவில் விறைத்துவிடும். நறுக்குமுன் நீளவாக்கில் பிளந்து அலச வேண்டும். மடலுக்கு மடல் மண் இருக்கும். அக்கா அதை மெல்லிசாக அரிந்து, மஞ்சளும் பச்சைமிளகாயும் தேங்காய்ப்பூவும் போட்டு வறை செய்து கொடுத்தார். சோற்றோடு பிசைந்து சாப்பிட்டோம். இப்போது எங்கள் வீட்டில் மாசி மாதம் அது இல்லாமல் இல்லை.

ஆசிரியர் அவர்களே, உங்கள் தில்லிப் பதிப்பைப் படிக்கிறவர்கள் தில்லியில், நொய்டாவில், குர்காவுனில் மண்ணைத் தோண்டுகிறவர்கள். 1998-ல் வெங்காய விலை இந்த ஊரின் சட்டமன்றத் தேர்தலிலேயே பேச்சாக இருந்தபோது சாம்பாரில் வெங்காயம் போடாமல் ஒப்பேற்றியவர்கள் பலரும் எங்களில் இருக்கிறோம். இரண்டு அடி மண் கிடைத்தாலும் ஏதாவது போட்டுப் பார்ப்போம். எங்களுக்குத் தஞ்சாவூர்ப் பட்டம் பொருந்தாது. வீட்டுத்தோட்டப் பக்கம் வரும்போதெல்லாம் ஓரமாகத் 'தில்லியில் எப்போது' என்று ஒரு சின்னப் பெட்டி போடுங்கள். வெங்காயம் ஐப்பசியில் விதைத்து மார்கழியில் நட வேண்டும், லீக்ஸ் ஆவணிக் கடைசியில் விதைக்க வேண்டும் என்பதை நான் என் கையால் செய்து சொல்கிறேன். கீரைக்கும் கத்தரிக்கும் மற்ற வாசகர்கள் எழுதுவார்கள், நிறையப் பேர் போடுகிறார்கள். முளைத்த வெங்காயம் பற்றிய யோசனைக்கும் ஒரு திருத்தம் வெளியிட்டால் நன்றாக இருக்கும். ஐப்பசிக்கு முன்னால் வந்துவிட வேண்டும், பின்னால் வந்தால் பயனில்லை.

இந்த வருஷத்து விதை புட்டியில் தயாராக இருக்கிறது. எனக்கு வேண்டியதைவிட அதிகமாகத்தான் விதைக்கப் போகிறேன். ஜனவரி பாதி வரை நடலாம் என்பதால், மார்கழிக் கடைசி ஞாயிறு காலை மிச்ச நாற்றை ஈரத்துணியில் சுற்றி ராமகிருஷ்ணபுரம் மலை மந்திர் முருகன் கோயிலுக்கு எடுத்து வருவேன். கேட்பவர்களுக்கு ஆளுக்கு ஐம்பது நாற்று. அதற்கு மூன்று அடிக்கு நாலு அடி இடம் போதும், ஆனால் அன்று சாயங்காலத்துக்குள் நட்டுவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மயூர் விஹார், தில்லி